அறுவைச் சிகிச்சைக்குப் பின் வலி: பொத்தானை யார் அழுத்தலாம்?

"இப்போ லேசாத்தான் வலிக்குது, பொறுத்துக்கலாம்" என்று படுத்திருப்போர் பலர். வலி முற்றிய பிறகு அதை அடக்குவது கடினம்.

மார்ஃபின் போன்ற மருந்துகளுக்கு நேரம் தேவை. வாய்வழி உட்கொண்டால் அரைமணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். ரத்தக்குழாயில் செலுத்தினாலும் முழுப் பலன் தெரியச் சுமார் 20 நிமிடம் ஆகும். அதனால்தான் நோயாளி கண்விழிக்கும் முன்பே மயக்க மருத்துவர் வலிநிவாரணியைக் கொடுத்துவிடுகிறார். வார்டிலும் அதே கணக்குதான். எழுந்து நடக்கப் போகிறீர்களா? முன்கூட்டியே கேளுங்கள்.

பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் சிலருக்குக் கையில் ஒரு பொத்தான் தரப்படும். ஒருமுறை அழுத்தினால் சிறிதளவு மார்ஃபின் இறங்கும், பெரும்பாலும் 1 மில்லிகிராம். அடுத்த 5 முதல் 10 நிமிடத்துக்கு எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் வராது.

அந்தப் பூட்டைவிட முக்கியமான காவல், தூக்கம். மருந்து அதிகமானால் தூக்கம் வரும். தூங்குபவர் பொத்தானை அழுத்தமாட்டார்.

"அம்மா தூக்கத்துல முனகுறாங்களே" என்று பிள்ளை அழுத்தினால்? பாசம்தான். ஆனால் காவல் போய்விடும். மூச்சு மெதுவாகி, நின்றும் போகலாம். பொத்தான் நோயாளிக்கு மட்டுமே.

தட்டி எழுப்பியும் சரியாக விழிக்கவில்லையா? உடனே தாதியைக் கூப்பிடுங்கள். மார்ஃபினின் விளைவை முறிக்க நாலொக்சோன் எனும் மருந்து உண்டு.

பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சுத்தடை, தூக்க மாத்திரைப் பழக்கம் இருந்தால் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மார்ஃபின் அளவை அவர் அதற்கேற்பக் குறைப்பார்.