சூப்பர்ஸ்டார்: அடிடாஸ் கூடைப்பந்து ஷூ

ஜெர்மனியின் அடிடாஸ் நிறுவனம் 1969-70 வாக்கில் வெளியிட்ட கூடைப்பந்து ஷூ சூப்பர்ஸ்டார். வெள்ளைத் தோல், பக்கவாட்டில் மூன்று கறுப்புக் கோடுகள், கால்விரல்களுக்கு மேலே சிப்பியின் ஓட்டில் இருப்பதைப் போன்ற வரிகள் கொண்ட ரப்பர் மூடி ஆகியவை இதன் அடையாளங்கள். அந்த மூடியை வைத்தே ரசிகர்கள் இதை ‘ஷெல் டோ’ என்று அழைக்கின்றனர். ஆட்டக்களத்தில் இதன் செல்வாக்கு ஏறத்தாழ பத்தாண்டுகள் நீடித்தது. தெருவில் இன்றும் நீடிக்கிறது. இந்த இரண்டாம் வாழ்வை இதற்கு அளித்தவர்கள் நியூயார்க்கின் கறுப்பின இளைஞர்கள். நிறுவனம் அதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது.

1960களின் நடுப்பகுதி வரை அமெரிக்கக் கூடைப்பந்தில் பெரும்பாலான கால்களில் இருந்தது கேன்வாஸ் துணி ஷூ. அதிலும் 1917இல் அறிமுகமான கான்வர்ஸ் ஆல் ஸ்டாருக்குப் போட்டியே இல்லை. ஆனால் துணி காலை இறுகப் பிடிக்காது. வேகமாக ஓடிவந்து சட்டென்று நின்று திரும்பும்போது பாதம் ஷூவுக்குள் நழுவும். கணுக்கால் பிசகும், முழங்காலில் அடிபடும். கலிபோர்னியாவில் அடிடாஸ் விற்பனையைக் கவனித்துவந்த கிறிஸ் செவர்ன் இதைக் கூர்ந்து கவனித்தார். நிறுவனர் அடி டாஸ்லரின் மகன் ஹார்ஸ்ட் டாஸ்லரிடம், கூடைப்பந்துக்குத் தோல் ஷூ வேண்டும் என்று வலியுறுத்தினார். கணுக்காலை மூடும் புரோ மாடல் அப்படித்தான் உருவானது.

அதை விற்பது எளிதாக இருக்கவில்லை. காலமெல்லாம் துணி ஷூவில் ஆடிப் பழகியவர்கள் தோலை நம்பத் தயங்கினர். 1967இல் புதிதாகத் தொடங்கிய சான் டியேகோ ராக்கெட்ஸ் அணிதான் செவர்னுக்குக் கதவைத் திறந்தது. முதல் பருவத்தில் அந்த அணி 82 ஆட்டங்களில் 67இல் தோற்றது. தோல்விக்கு இடையிலும் ஊர் ஊராகச் சென்று எல்லா அணிகளோடும் மோதியதால், அந்தத் தோல் ஷூவை எதிரணி வீரர்கள் அனைவரும் கண்ணால் பார்த்தனர். வழுக்காமல் நிற்கும் ஷூ ஒன்று வந்திருக்கிறது என்ற செய்தி வீரர்களிடையே பரவியது.

புரோ மாடலின் குட்டையான வடிவமே சூப்பர்ஸ்டார். கணுக்காலுக்குக் கீழே முடிவதால் எடை குறைந்தது. காலை இழுத்து நிறுத்தும்போது ஷூவின் முனை விரைவில் தேய்வதைத் தடுக்க ரப்பர் மூடி சேர்க்கப்பட்டது. மரத்தளத்தில் பிடி கிடைக்க, அடிப்பாகத்தில் மீன்முள்ளைப் போன்ற குறுக்குக் கோடுகள் வெட்டப்பட்டன. இன்று அழகுக்காக விரும்பப்படும் ஒவ்வொரு கூறும் அன்று ஒரு காயத்தையோ தேய்மானத்தையோ தடுக்கச் செய்த ஏற்பாடு என்பதை இதன் வரலாற்றைப் படிப்பவர் மறக்கக் கூடாது. 1970களில் அமெரிக்கத் தொழில்முறை வீரர்கள் பெருமளவில் இதற்கு மாறினர். அவர்களில் முதன்மையானவர் 7 அடி 2 அங்குல உயரமுள்ள கரீம் அப்துல் ஜப்பார். பின்னர் அவர் பெயரிலேயே அடிடாஸ் தனி ஷூவும் வெளியிட்டது.

பியூமா, நைக்கி போன்ற நிறுவனங்களும் தோல் ஷூக்களோடு களமிறங்கின. மெத்தையும் காற்றுப் பையும் வைத்த புதிய வடிவங்கள் வந்தன. 1980களின் தொடக்கத்தில் சூப்பர்ஸ்டார் ஆட்டக்களத்தில் பழையதாகிவிட்டது.

அதற்குள் அது நியூயார்க்கின் தெருக்களில் வேரூன்றியிருந்தது. பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த ஹிப்-ஹாப் இசையோடு வளர்ந்த பிரேக் டான்ஸ்காரர்களுக்கு, தரையில் சுழன்று எழும்போது விரல்களைக் காக்கும் ரப்பர் முனை பயன்பட்டது. அகலமான நாடாக்களை இஸ்திரி போட்டு விறைப்பாக்கிக் கோத்தனர். வெள்ளைத் தோலில் ஒரு கறை படிந்தாலும் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடைத்தனர். வசதியற்ற குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பளிச்சென்ற ஷூ தன்மானத்தின் அடையாளமாக இருந்தது. இதை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது அந்த வாழ்க்கையை அறியாத பேச்சு.

குவீன்ஸின் ஹாலிஸ் பகுதியைச் சேர்ந்த ரன்-டி.எம்.சி. குழு இந்தத் தெருக்கோலத்தை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தது. ஜோசப் சிம்மன்ஸ், டாரில் மெக்டேனியல்ஸ், இசைத்தட்டுகளைச் சுழற்றிய ஜேசன் மிசெல் ஆகிய மூவரும் கறுப்புத் தொப்பி, தோல் உடை, தங்கச் சங்கிலி, நாடா இல்லாத சூப்பர்ஸ்டார் என்று தோன்றினர். ஷூவின் நாக்கை மேலே தள்ளி நிறுத்தினர். சிறையில் கைதிகளின் ஷூ நாடாக்களைப் பறித்துவிடுவார்கள். அதனால் நாடா இல்லாத ஷூ குற்றவாளிகளின் கோலம் என்ற பேச்சு எழுந்தது. குவீன்ஸ் மருத்துவர் ஜெரால்ட் டீஸ் இதைக் கண்டித்துப் பாட்டாகவே வெளியிட்டார். அக்கறையில் பிறந்த கண்டனம்தான். ஆனாலும் உடையை வைத்து ஒரு தலைமுறையையே குற்றவாளிகளாகப் பார்க்கும் பழக்கத்துக்கு அது துணைபோனது. குழுவின் பதில் 1986இல் ‘மை அடிடாஸ்’ என்ற பாடலாக வந்தது. இந்த ஷூ திருடவோ அடிதடிக்கோ அல்ல, நல்ல இடங்களுக்கு நடந்துபோகவே என்பதுதான் அதன் சாரம்.

அதே ஆண்டு ஜூலை 19 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் குழு பாடியது. அந்தப் பாடலுக்கு முன், அடிடாஸ் அணிந்திருப்பவர்கள் ஷூவைக் கழற்றி உயர்த்திக் காட்டும்படி கேட்டனர். ஆயிரக்கணக்கான ஷூக்கள் காற்றில் எழுந்தன. குழுவின் மேலாளர்கள் வரவழைத்திருந்த அடிடாஸ் அதிகாரி ஆஞ்சலோ அனஸ்டாசியோ கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தார். தொடர்ந்து சுமார் 10 லட்சம் டாலர் மதிப்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமே பணம் கொடுத்துவந்த ஷூத் தொழிலில் இசைக்கலைஞர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய ஒப்பந்தம் இதுவே எனக் கருதப்படுகிறது. பிற்காலத்தில் பாடகர்கள் ஷூ நிறுவனங்களோடு செய்துகொண்ட கோடிக்கணக்கான டாலர் ஏற்பாடுகளுக்கெல்லாம் வழி இங்கிருந்தே தொடங்குகிறது.

1990களில் ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்கள், பலகையில் உரசும்போது தாங்கும் முனைக்காக இதை மீண்டும் தேடிப் பிடித்தனர். 2002 அக்டோபர் 30 அன்று, ஜாம் மாஸ்டர் ஜே என அறியப்பட்ட மிசெல் குவீன்ஸில் தம் ஒலிப்பதிவுக்கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005இல் ஷூவின் 35ஆம் ஆண்டு நிறைவுக்காக 35 வடிவங்கள் வெளியாயின. 2015இல் பாடகர் ஃபரெல் வில்லியம்ஸுடன் சேர்ந்து 50 நிறங்களில் ஒரு தொகுப்பு வந்தது. 2016இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்பனையான ஸ்னீக்கராகச் சூப்பர்ஸ்டார் மதிப்பிடப்பட்டது.

வணிக வரலாறுகள் இந்த வெற்றியை நிறுவனத்தின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். அது சரியல்ல. ஷூவைச் செய்தது அடிடாஸ். ஆட்டக்களம் கைவிட்ட பிறகும் அதைக் காப்பாற்றியவர்கள், பாட்டு வரும்வரை ஒரு காசும் பெறாத ஹாலிஸ், பிராங்க்ஸ் இளைஞர்கள். இன்று அடிடாஸ் இந்த ஷூவைக் கூடைப்பந்துப் பிரிவில் அல்ல, ‘ஒரிஜினல்ஸ்’ என்ற அன்றாட உடைப் பிரிவில் விற்கிறது.