பழுப்புத் தாள் காத்த ஆணிகள்



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஆறாம் ஆண்டில் என்னிடம் அறிவியல் பயின்றவன். படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்திவிட்டு இப்போது ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். வாயிற்கதவு, சன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி என அவன் கை படாத இரும்பு இல்லை. அன்று அவன் ஒரு சிறு நெகிழிப்பையை மேசைமீது வைத்தான். உள்ளே ஈரமாவு போன்ற வெள்ளைப் பொடியும், அதனுள் தேய்ந்து ஊசியாய்ப் போன சில தறையாணிகளும் இருந்தன. தறையாணி என்றால் பலருக்குப் புரியாது. ரிவெட் என்றால் உடனே புரியும்.

நடந்தது இதுதான். போர்ட்டிக்சனில் வார இறுதிகளில் குடும்பத்தோடு மீன்பிடிக்கச் செல்லும் ஒருவர் தம் சிறிய அலுமினியப் படகுக்குப் பின்புறம் ஓர் ஏணி செய்து தரும்படி பட்டறையில் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டுப் படகில் ஏறுவதற்கு அந்த ஏணி. கடலுக்கு எவர்சில்வர்தான் நல்லது என்று எண்ணி, அகலமான எவர்சில்வர் தகடு வெட்டி, அதில் குழாய்களைப் பற்றவைத்து, படகின் பின்பலகையில் பன்னிரண்டு அலுமினியத் தறையாணிகளால் இறுக்கியிருக்கிறான் இவன். தகட்டின் கீழ்ப்பாதி எப்போதும் நீருக்குள். பத்து மாதம் கழித்து, படகுக்காரரின் மகள் ஏறும்போது ஏணி அப்படியே கையோடு கழன்று வந்துவிட்டது. மிதவைச் சட்டை அணிந்திருந்ததால் சிராய்ப்போடு போயிற்று. பட்டறை முதலாளி இவன் சம்பளத்தில் கைவைத்துவிட்டார்.

"எவர்சில்வர் கறுக்கக்கூட இல்லைங்கய்யா. ரிவெட்டுதான் மாவாப் போயிருச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்?"

தவறு அவனுடையது அன்று என்று உடனே சொன்னேன். பிறகு யாருடையது என்று எண்ணிப் பார்த்தபோதுதான் இக்கட்டுரை எழுதும் எண்ணம் வந்தது. அவன் கொண்டுவந்த அந்த வெள்ளைப் பொடிக்கு இருநூற்றறுபது ஆண்டு வரலாறு உண்டு.

மரக்கப்பல்களின் காலத்தில் மாலுமிகள் பீரங்கிக்கு அஞ்சியதைவிடக் கப்பற்புழுவுக்கு அதிகம் அஞ்சினர் எனலாம். வெப்பமண்டலக் கடலில் இந்தப் புழு அடிமரத்தைத் துளைத்துத் தேன்கூடாக்கிவிடும். போதாக்குறைக்குச் சிப்பியும் பாசியும் ஒட்டிக் கப்பலின் வேகத்தைக் குறைக்கும். இதற்கு மருந்து தேடிய பிரிட்டன் கடற்படை, 1761-ஆம் ஆண்டில் 'அலார்ம்' என்னும் 32 பீரங்கிக் கப்பலின் அடிப்பாகம் முழுவதும் மெல்லிய செப்புத் தகடுகளைப் போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிற்று. தகடுகளை அடித்த ஆணிகள் இரும்பு.

கப்பல் திரும்பி வந்தபின் 1763-இல் ஆய்வு செய்தனர். செம்பு தன் வேலையைச் செம்மையாகச் செய்திருந்தது. புழுவும் இல்லை, சிப்பியும் இல்லை. ஆனால் பல இடங்களில் தகடு கழன்று தொங்கியது. இரும்பாணிகள் துருக்குழம்பாகக் கரைந்து போயிருந்தன. அதே கப்பலில், அதே கடலில், சில ஆணிகள் மட்டும் நேற்று அடித்தவை போல் உறுதியாக நின்றன. உற்றுப் பார்த்தார்கள். தகடுகள் தொழிற்சாலையிலிருந்து பழுப்புத் தாளில் சுற்றப்பட்டு வந்திருந்தன. சில இடங்களில் தொழிலாளர்கள் அத்தாளை முழுதும் கிழித்தெடுக்காமல் அதன்மேலேயே ஆணி அடித்திருந்தனர். தாள் இருந்த இடத்தில் செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடவில்லை. தொடாத ஆணி பிழைத்தது. தொட்ட ஆணி கரைந்தது.

கடல்நீரில் இரும்பைச் செம்போடு நேரே தொடவிடலாகாது என்று ஆய்வாளர்கள் எழுதி வைத்தனர். இதில் எனக்குப் பெருவியப்பு ஒன்று உண்டு. தவளைக் கால் துடித்ததைப் பற்றிக் கல்வானி எழுதியது 1791-இல். வோல்ட்டா தம் மின்கலத்தை அறிவித்தது 1800-இல். அதற்கு முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே, காரணம் அறியாத மனிதர்கள் விளைவை மட்டும் கண்ணால் கண்டு சரியான விதியைச் சொல்லிவிட்டார்கள். அறிவியலில் கவனிப்பே முதற்படி என்று வகுப்பில் சொல்வோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என் கைக்கு அகப்பட்டதில்லை.

காரணத்தை இப்போது நாம் அறிவோம். வேறுபட்ட இரண்டு உலோகங்கள் வேண்டும். அவை ஒன்றையொன்று தொட வேண்டும். இரண்டையும் உப்புநீர் நனைக்க வேண்டும். மூன்றும் கூடினால் அது ஒரு மின்கலம். எளிதில் கரையும் உலோகம் தன்னைக் கரைத்து மின்னோட்டம் தரும். மற்றது பத்திரமாக இருக்கும். துத்தநாகமும் அலுமினியமும் எளிதில் கரையும் பக்கம். இரும்பு அவற்றுக்கு அடுத்தது. செம்பு, வெண்கலம், எவர்சில்வர் ஆகியவை கரையாத பக்கம். மூன்றில் ஒன்றை நீக்கினாலும் ஓட்டம் நின்றுவிடும். தாள் நீக்கியது தொடுதலை.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் பலர் தவறவிடுகின்றனர். எது பெரிது, எது சிறிது என்பது மிக முக்கியம். பெரிய செப்புத் தகட்டுக்கு நடுவே சிறிய இரும்பாணி இருந்தால், தகட்டின் முழுப் பரப்பும் கேட்கும் மின்னோட்டத்தை அந்தச் சிற்றாணி ஒன்றே கொடுத்தாக வேண்டும். ஆகவே விரைந்து அழியும். மாறாக, பெரிய இரும்புத் தகட்டில் சிறிய செம்பாணி இருந்தால் இழப்பு பெரும்பரப்பில் பரவிவிடும், நெடுநாள் தாங்கும். என் மாணவனின் ஏணியை இப்போது நினைத்துப் பாருங்கள். அகலமான எவர்சில்வர் தகடு, பன்னிரண்டு அலுமினியத் தறையாணிகள், உப்புநீர். 'அலார்ம்' கப்பலை அவன் அறியாமலே சிறிய அளவில் மறுபடி கட்டியிருக்கிறான்.

எழுதி வைத்த விதியைக் கடற்படை பின்பற்றியதா என்றால், பாதிதான். அமெரிக்கப் போரின் நெருக்கடியில் 1779 முதல் கப்பல்கள் அனைத்துக்கும் அவசர அவசரமாகச் செம்பு போர்த்தினர். தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே தார் பூசிய தடித்தாளை வைத்தால் போதும் என்று நம்பினர். நீர் கசிந்து மரத்தைப் பிணைத்திருந்த பெரிய இரும்புத் திருகுக் கம்பிகளைச் சென்றடைந்தது. வெளியே தலை நன்றாகத் தெரியும். உள்ளே தண்டு கரைந்திருக்கும். 1783-இல் கடினப்படுத்திய செப்புக் கம்பிகள் கிடைத்த பிறகே இச்சிக்கல் தீர்ந்தது. அறிக்கைக்கும் செயலுக்கும் இடையே இருபது ஆண்டுகள்.

விதியைத் தலைகீழாகத் திருப்பி மருந்தாக்கியவர் ஹம்பிரி டேவி. வேந்தியக் கழகத்தின் தலைவராக இருந்த அவரிடம், செப்புத் தகடே மெல்லக் கரைவதைத் தடுக்க வழி கேட்டது கடற்படை. 1824-இல் அவர் சொன்ன வழி இது: செம்பைவிட எளிதில் கரையும் துத்தநாகத்தையோ இரும்பையோ ஒரு சிறு துண்டு அதனோடு இணைத்துவிடுங்கள், அது கரையட்டும், செம்பு பிழைக்கும். செம்பின் பரப்பில் நூற்றைம்பதில் ஒரு பங்கு இருந்தாலே போதும் என்பதைச் சோதனையில் கண்டார். கப்பல்களில் பொருத்தினர். செம்பு கரையவே இல்லை. ஆனால் சிப்பியும் பாசியும் மண்டிவிட்டன! செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாவதால்தான் அவை அதுவரை அண்டாமல் இருந்தன. 1825-இல் துண்டுகளைக் கழற்ற உத்தரவாயிற்று. டேவியைக் கேலி செய்தவர்கள் பலர். அவர் கணக்கு முழுக்கச் சரி, கேள்விதான் பிசகு. இன்று உலகின் எஃகுக் கப்பல்களிலும் உல்லாசப் படகுகளிலும் ஒட்டப்படும் துத்தநாகக் கட்டிகள் அவருடைய சிந்தனையின் வாரிசுகளே.

இனி அலுமினியத்துக்கு வருவோம். 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே மின்பகுப்பு முறையைக் கண்டனர். அதுவரை அரும்பொருளாக இருந்த உலோகம் சந்தைக்கு வந்தது. 1891-இல் சூரிச் நகரின் எஷர் விஸ் நிறுவனம் அலுமினியத்தால் ஓர் உல்லாசப் படகைக் கட்டிற்று. வாங்கியவர் ஆல்பிரட் நோபல். அது நன்னீர் ஏரியில் ஓடும் படகு. ஆகவே பெருந்தொல்லை இல்லை.

தொல்லை 1895-இல் வந்தது. அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் போட்டிக்காக நத்தானியல் ஹெர்ரஷாஃப் 'டிஃபெண்டர்' படகை வடிவமைத்தார். நீருக்குக் கீழே வெண்கலத் தகடு, ஏனெனில் அது வழவழப்பானது. நீருக்கு மேலே அலுமினியம், ஏனெனில் அது எடையற்றது. உள்ளே எஃகுச் சட்டம். மூன்று உலோகங்களும் உப்புநீரில் ஒரே உடலில். படகு வென்றது. பின் அரித்தரித்துப் போய் 1901-இல் உடைக்கப்பட்டது. ஹெர்ரஷாஃப் தெரியாமல் செய்தார் என நான் நம்பவில்லை. பந்தயப் படகு ஒரு கோடையில் வென்றால் போதும் என்று தெரிந்தே எடுத்த முடிவாகவே அதைக் காண்கிறேன். ஆனால் 1915-இன் 'சீ கால்' படகுக்கு அப்படி என்னால் வாதாட முடியவில்லை. நிக்கலும் செம்பும் கலந்த மோனெல் என்னும் விலையுயர்ந்த உலோகத்தால் அதன் உடலை அமைத்தனர். மோனெல் அழியாது, உண்மை. அதைத் தாங்கிய எஃகுப் பாகங்கள் அழிந்தன. சிலர் கல்யாண வீட்டுக்குப் பட்டு வேட்டியோடு பழைய இடுப்புவாரைக் கட்டிக்கொண்டு வருவதுபோல என்று சொல்லத் தோன்றுகிறது!

நம் வீட்டுச் சமையலறைப் பெயரான எவர்சில்வரும் அந்தக் காலத்தில் பிறந்ததே. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்து உருக்கிய எஃகு அது. மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உருவாகி அதைக் காக்கிறது. எப்போதும் வெள்ளியாய் மின்னும் என்ற பொருளில் நாம் பெயர் வைத்தோம். தான் மின்ன, பக்கத்திலிருப்பது என்ன ஆகும் என்பதைப் பெயர் சொல்லவில்லை.

சிறு படகுகளில் அலுமினியம் பரவியதற்கு 1944-ஐ ஒட்டிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்வர். கிரம்மன் போர்விமான நிறுவனத்தின் துணைத்தலைவர் வில்லியம் ஹாஃப்மன் அடிரோண்டாக் மலைப்பகுதியில் கனத்த மரத்தோணியைத் தோளில் சுமந்து நொந்துபோய், விமானத் தகட்டால் தோணி செய்தால் என்ன என்று எண்ணினாராம். போர் முடிந்ததும் அத்தோணிகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. தறையாணியும் அலுமினியம், உடலும் அலுமினியம். ஒரே இனம், சண்டையில்லை.

இவற்றையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனம் வேறொரு நாளில் நின்றது. அவன் ஆறாம் ஆண்டில் இருந்தபோது, நான்கு எலுமிச்சம் பழங்களில் செப்புத் தகடும் துத்தநாக ஆணியும் செருகி ஒரு குட்டி விளக்கை எரியவைத்தேன். வகுப்பே கைதட்டிற்று. முதல் வரிசையில் நின்று கைதட்டியவன் இவன். எவ்விரு உலோகங்கள், எந்தத் திசையில் மின்னோட்டம் என்று பயிற்சித்தாளில் எழுதவைத்தேன்; சரியாக எழுதினான். ஒரு வாரம் கழித்து அந்தத் துத்தநாக ஆணியை வெளியே எடுத்து, அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது பாருங்கள் என்று நான் காட்டவில்லை. பழத்தைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். விளக்கு எரிந்ததைக் காட்டினேன். எது எரித்தது என்பதைக் காட்டவில்லை. இதை அவனிடம் சொன்னபோது, "அந்த விளக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குய்யா" என்று சிரித்தான். அவன் சிரித்தது எனக்குச் சற்றுச் சுட்டது.

இருவருமாகத் தாளில் வரைந்தோம். எவர்சில்வர் ஏணியே இருக்கட்டும். அலுமினியத்தைப் பற்றவைக்கும் கருவி அவன் பட்டறையில் இல்லை. தகட்டுக்கும் படகுக்கும் இடையே நைலான் பலகை. தறையாணிக்குப் பதில் எவர்சில்வர் திருகாணி. அதன் தண்டுக்கு நைலான் உறை, இரு புறமும் நைலான் வளையம், எங்கும் உலோகம் உலோகத்தைத் தொடாதபடி. படகின் பின்பலகையில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துத்தநாகக் கட்டி. அதன்மேல் சாயம் பூசக்கூடாது என்பதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் தொலைபேசியில் அழைத்தான். நைலான் பலகைக்கு அவன் வைத்திருக்கும் பெயர் 'பழுப்புத் தாள்'. பட்டறையில் மற்றவர்களும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்களாம். ஆனால் துத்தநாகக் கட்டியில்தான் இழுபறி. தேய்ந்து போவதற்கென்றே ஒரு பொருளை வாங்கி, ஆண்டுதோறும் மாற்றவும் வேண்டுமா, ஏமாற்றுகிறாயா என்று படகுக்காரர் கேட்கிறாராம். டேவி பற்றிச் சொன்னதை எழுதித் தரமுடியுமா என்று கேட்டான். மேலே உள்ள அந்தப் பத்தியை அச்சிட்டு, பையிலிருந்த தறையாணி ஒன்றையும் அதனோடு ஒட்டி அனுப்பியிருக்கிறேன். எஞ்சியவை ஒரு கண்ணாடிக் குப்பியில் என் அறிவியல் அறை அலமாரியில் இருக்கின்றன.