பூட்டின் பெயரும் பூட்டின் பொறியும்: திண்டுக்கல் தொழிலும் இந்தியக் காப்புரிமைச் சட்டமும்

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2013இல் விண்ணப்பித்தது பூட்டுத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம். பழநிப் பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் அதே ஆண்டில் பதிவாயின. ஒரு மாவட்டம் ஓராண்டில் மூன்று குறியீடு பெற்றது என்று மேடைகளில் பேசப்பட்டது. பேசத்தக்க செய்திதான். ஆனால் நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவரும் காலத்தில் அந்தக் குறியீடு எதைக் காக்கிறது, எதைக் காக்காமல் விடுகிறது என்று கேட்டாக வேண்டும். குறியீடு காப்பது பூட்டின் பெயரை. தொழிலின் உயிர் பூட்டின் பொறியில் இருக்கிறது. அந்தப் பொறியைப் பற்றிய அறிவுக்குச் சட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரே அரண் எதிர்ப்பு மனு செய்யும் உரிமை. 2024 மார்ச்சில் மத்திய அரசு திருத்திய காப்புரிமை விதிகள் அதைத்தான் பலவீனப்படுத்தியிருக்கின்றன. புவிசார் குறியீட்டைக் கொண்டாடியவர்கள் இந்தத் திருத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு எதிராகவே இக்கட்டுரை வாதிடுகிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். திண்டுக்கல் பூட்டு லீவர் பூட்டு. உள்ளே ஒரே முளையில் பல தகடுகள் அடுக்காகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வாசல் வெட்டியிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும்; எல்லா வாசல்களும் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் தாழின் முளை உள்ளே நுழையும். ஒரு தகடு மயிரிழை கூடுதலாக எழும்பினாலும் தாழ் நகராது. பட்டறைக்காரர் சாவியைப் போட்டுத் திருப்புகிறார். எந்தத் தகடு தட்டுகிறது என்பது அவருடைய விரலுக்குத் தெரிகிறது. பிரித்து, அந்தத் தகட்டை மட்டும் அரத்தில் இரண்டு இழுப்பு ராவி, மறுபடி கோத்துத் திருப்பிப் பார்க்கிறார். சரியாக விழும்வரை இது நடக்கும். ஒவ்வொரு பூட்டையும் இப்படித் தனித்தனியாகக் கையால் ஒப்பேற்றுவதால் ஒன்றின் சாவி மற்றதற்குச் சேராது. கோயில் உண்டியலுக்கும் சிறைக்கும் கிட்டங்கிக்கும் இந்தப் பூட்டைத் தேடி வாங்கினார்கள் என்றால் காரணம் இதுதான். அலிகாரின் இயந்திரப் பூட்டு விலையில் இதைத் தோற்கடித்துவிட்டது. பொறியில் தோற்கடித்தது என்று சொல்ல முடியாது.

லீவர் பொறியே திண்டுக்கல்லில் பிறந்தது என்று யாரும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778இலும், கள்ளச்சாவி நுழைந்தால் தானே சிக்கிக்கொண்டு உடையவருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டுக்கு ஜெரமையா சப் 1818இலும் காப்புரிமை பெற்றார்கள். அக்காலத்து ஆங்கிலக் காப்புரிமையின் ஆயுள் 14 ஆண்டு. ஆகவே அந்த அறிவு 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே உலகப் பொதுச் சொத்தாகிவிட்டது. அதன்மேல் திண்டுக்கல் பட்டறைகள் தம் பங்குக்குச் சேர்த்தவை பல: மாங்காய் வடிவப் பூட்டு, சாவியைத் திருப்பும்போது மணியடிக்கும் பூட்டு, முறை தெரியாதவர் கையில் திறக்காத வித்தைப் பூட்டு. இவற்றை யார் எப்போது முதலில் செய்தார் என்பதற்குப் பட்டறை வாய்மொழிதான் சாட்சி. காப்புரிமை விண்ணப்பமாக இவை எழுதப்பட்டதில்லை.

எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா? இங்கேதான் 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் தீர்ப்பு குறுக்கே வருகிறது. காப்புரிமை மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் தீர்ப்பு இது. ஆனால் இது எந்தத் தொழிலிலிருந்து வந்த வழக்கு என்பதை யாரும் நின்று கவனிப்பதில்லை. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் இரு நிறுவனங்களுக்கு இடையே வந்த சண்டை. பாத்திரத்தைக் கடைசலில் பிடித்து நிறுத்தும் ஒரு சாதனத்துக்கு ஒரு நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றிருந்தது. மற்றது அதையே செய்து பயன்படுத்தியது. நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. தொழில் தெரிந்த ஒரு திறமைசாலி பட்டறையில் இயல்பாகச் செய்துகொள்ளக்கூடிய சீர்திருத்தத்துக்குக் காப்புரிமை இல்லை. அதற்கு மேலே ஒரு படி கண்டுபிடிப்பு வேண்டும் என்பதே அது வகுத்த அளவுகோல்.

இந்த அளவுகோல் திண்டுக்கல்லுக்கு அநீதி என்று சிலர் கருதுகிறார்கள். பட்டறைச் சீர்திருத்தம் தானே பட்டறைக்காரனின் சொத்து, அதற்கு உரிமை இல்லை என்றால் வேறு எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். ஜெர்மனி 1891இலேயே கொண்டுவந்த சிறு காப்புரிமையை இந்தியாவும் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் தீர்வு. பெரிய கண்டுபிடிப்புப் படி தேவையில்லை, செலவு குறைவு, குறைந்த காலத்துக்கு உரிமை. மத்தியத் தொழில் கொள்கைத் துறை 2011இல் இதற்கு ஒரு விவாத அறிக்கையே வெளியிட்டது; அது சட்டமாகவில்லை. ஆகாமல் போனது நல்லதே என்பது என் முடிவு. சீனாவில் சிறு காப்புரிமை விண்ணப்பங்கள் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேல் குவிகின்றன. புதுமை உண்டா என்ற முழுப் பரிசோதனை இல்லாமலேயே அவை வழங்கப்படுகின்றன. அந்த ஏற்பாடு இங்கே வந்தால் முதல் நாள் வரிசையில் நிற்பவர் நல்லாம்பட்டிப் பட்டறைக்காரராக இருக்க மாட்டார். விண்ணப்பம் எழுத ஆள் வைத்திருக்கும் பெரிய பூட்டு நிறுவனம்தான் நிற்கும். மணியடிக்கும் பூட்டுக்கு அது சிறு காப்புரிமை வாங்கிவிட்டால், தலைமுறையாக அதைச் செய்துவந்தவர் வழக்கறிஞரைத் தேடி அலைய வேண்டும். மிர்சாபூர் தீர்ப்பு பட்டறைக்கு ஏகபோகம் தரவில்லை என்பது உண்மை. பட்டறைமேல் பிறர் ஏகபோகம் கொண்டாடுவதையும் அதே தீர்ப்புதான் தடுத்து நிற்கிறது. பத்துப் பட்டறைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்து வளர்ந்த ஊருக்கு இரண்டாவதுதான் பெரிய நன்மை.

ஆனால் தடுப்பு தானாக வேலை செய்யாது. யாராவது எழுந்து, இது புதிதல்ல, எங்கள் ஊரில் ஏற்கெனவே உண்டு என்று சொல்ல வேண்டும். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. உரிமை வழங்குமுன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு தரலாம். உள்ளூர்ச் சமூகத்தில் வாய்மொழியாக வழங்கிவரும் அறிவுகூட எதிர்ப்புக்குக் காரணமாகும் என்று அப்பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. கைத்தொழிலாளருக்கு இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் இதைவிட மேலான வாசகம் இல்லை. இப்பிரிவின் வலிமையை நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ரத்தப் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. நோயாளிகளுக்காகப் பாடுபட்ட ஒரு சங்கத்தின் எதிர்ப்பு மனுவும் அதன் பின்னால் இருந்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிராகரிப்பை உறுதி செய்தது.

2024 மார்ச் 15 அன்று அறிவிக்கப்பட்ட திருத்த விதிகள் இதில்தான் கை வைத்தன. அதுவரை எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணமே கிடையாது. இப்போது கட்டணம் உண்டு. மனு ஏற்கத்தக்கதா என்று கட்டுப்பாட்டு அதிகாரி முதலில் முடிவு செய்வார். அந்தப் படியைத் தாண்டினால்தான் மேல்விசாரணை. பொய் மனுக்கள் விண்ணப்பங்களைத் தாமதப்படுத்தின என்பது அரசுத் தரப்பின் நியாயம். சில மனுக்கள் அப்படி இருந்திருக்கலாம். அதற்காக எல்லா வாசலையும் ஒடுக்குவது மருந்து நோயைவிடக் கொடியதாவது போன்றது. இன்னொரு திருத்தமும் அமைதியாக நுழைந்தது. காப்புரிமை பெற்றவர் அதை இந்தியாவில் உண்மையிலேயே பயன்படுத்துகிறாரா என்று ஆண்டுதோறும் தர வேண்டிய அறிக்கையை மூன்றாண்டுக்கு ஒருமுறை தந்தால் போதும் என்றாயிற்று. 1959இல் நீதிபதி ராஜகோபால ஐயங்கார் தம் அறிக்கையில் சுட்டிய நோய் இதுதான்: இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டார் கையில் இருந்தன, அவற்றிலும் மிகப் பல இந்நாட்டில் உற்பத்திக்கே வரவில்லை. அந்த அறிக்கையிலிருந்து பிறந்தது 1970ஆம் ஆண்டுச் சட்டம். அதன் கண்காணிப்பை இப்போது நாமே தளர்த்துகிறோம். இந்தியா ஐரோப்பாவின் நான்கு நாடுகளோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்திட்டது 2024 மார்ச் 10 அன்று. விதிகள் வந்தது ஐந்து நாள் கழித்து. அந்த நான்கில் நோவார்ட்டிஸின் தாயகமான சுவிட்சர்லாந்தும் ஒன்று.

இதற்கிடையில் வெற்றியின் அளவுகோல் எண்ணிக்கையாகிவிட்டது. ஓராண்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் காப்புரிமை வழங்கினோம் என்று அரசு அறிவித்தது. கல்லூரிகளின் தேசியத் தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் இருப்பதால் கல்லூரிகள் விண்ணப்பங்களைக் குவிக்கின்றன. பரிசோதகர் மேசையில் கோப்பு பெருகப் பெருக, இது பட்டறையில் பழைய செய்தியா என்று பார்க்கும் நேரம் சுருங்கும். எதிர்ப்பு மனுவின் தேவை கூடும் காலத்தில்தான் அதன்மேல் சுமை ஏற்றப்பட்டிருக்கிறது.

அப்படியானால் திண்டுக்கல் செய்ய வேண்டியது என்ன? பட்டறை அறிவை எழுதி, படம் வரைந்து, தேதியிட்டு, பொதுவில் வெளியிட வேண்டும். வெளியான அறிவுக்கு யாரும் காப்புரிமை பெற முடியாது. மத்திய அரசின் மரபு அறிவு மின்னூலகம் 2001இல் தொடங்கியது மருத்துவ அறிவைக் காக்க. மஞ்சளுக்கு அமெரிக்காவில் வழங்கிய காப்புரிமையை 1997இல் ரத்து செய்ய வைத்தபோது அச்சில் இருந்த பழைய நூல்கள்தான் கைகொடுத்தன என்பது அதன் பின்னணி. அந்த மின்னூலகத்தில் சித்தமும் ஆயுர்வேதமும் யோகமும் உண்டு; பூட்டும் அரமும் இல்லை.

எழுதினால் ரகசியம் போய்விடும் என்ற அச்சம் பட்டறைகளில் இருக்கக்கூடியதே. அதை லேசாகத் தள்ளக் கூடாது. 1851இல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், யாராலும் திறக்க முடியாது என்று பெயர் பெற்றிருந்த சப் பூட்டைத் திறந்து காட்டினார். பிராமா பூட்டை 16 நாள் முயன்று திறந்தார். பூட்டின் குறையை வெளியே சொல்லலாமா என்று அங்கே பெரிய விவாதம் எழுந்தது. சார்லஸ் டாம்லின்சன் 1853இல் பூட்டுகளைப் பற்றி எழுதிய நூலில் சொன்ன பதில் இன்றைக்கும் செல்லும்: திருடர்களுக்கு அது முன்பே தெரியும், தெரியாமல் இருப்பது வாங்குபவர்தான். லீவர் பூட்டின் காவல் பொறி என்ன என்ற ரகசியத்தில் இல்லை. இந்தத் தகடுகளை எந்த உயரத்தில் ராவினார்கள் என்பதில் இருக்கிறது. பொறியை அறிய விரும்பும் போட்டியாளர் கடையில் ஒரு பூட்டு வாங்கி ரிவிட்டைத் தட்டிக் கழற்றினால் போதும். ஆகவே ரகசியம் அலிகாரைத் தடுத்ததில்லை, இனியும் தடுக்காது. ஆனால் ரகசியமாகவே வைத்திருந்து, கடைசிக் கைவினைஞரோடு அறிவு போய்விட்டால், நாளை வேறொருவர் அதையே புதிது என்று விண்ணப்பிக்கும்போது மறுக்கச் சாட்சி இருக்காது. சிறுமலை வாழையின் கதை இதற்கு அருகில் இருக்கிறது. முடிக்கொத்து நோய் 1970களில் மலைத் தோட்டங்களை அழித்தது. புவிசார் குறியீடு வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. பெயர் பதிவான காலத்தில் மலையில் பழைய விளைச்சல் இல்லை.

திண்டுக்கல்லுக்கு அருகே சின்னாளபட்டியில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கைத்தொழிலை மதித்துத் தோன்றிய நிறுவனம். இந்தப் பதிவேட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பூட்டைப் பிரித்து ஒவ்வொரு தகட்டையும் அளந்து படம் எடுப்பது, பட்டறைக்காரர் வாய்மொழியைத் தேதியோடு பதிவு செய்வது, அதை ஆங்கிலத்திலும் ஆக்கி வெளியிடுவது: இவை மாணவர்கள் செய்யக்கூடிய வேலைகள். ஆங்கிலம் வேண்டும், ஏனென்றால் காப்புரிமை அலுவலகம் ஆங்கிலத்தையும் இந்தியையும் மட்டுமே ஏற்கிறது. தமிழ் வாக்குமூலம் மொழிபெயர்ப்பில்லாமல் சாட்சியாக நிற்காது. காப்புரிமை அலுவலக இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வெளிவருகிறது. பூட்டுக்கான விண்ணப்பங்கள் பன்னாட்டு வகைப்பாட்டில் இ05பி என்ற எண்ணின் கீழ் வரும். வாரம் ஒருமுறை அந்தப் பகுதியைப் படிக்க ஒருவரை அமர்த்துவதும், கூட்டுறவுச் சங்கம் போடும் எதிர்ப்பு மனுக்களின் கட்டணத்தை மாநிலச் சிறுதொழில் துறை ஏற்றுக்கொள்வதும் உடனே செய்யத்தக்கவை. கைத்தொழில் சங்கங்களுக்கு அந்தக் கட்டணத்தையே அடியோடு நீக்கும்படி 2024 விதிகளைத் திருத்துவது நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டு வாங்க வேண்டியது.