ஒரு சுழி பிறந்த கதை

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் பேருந்துகளில் ஒன்றின் பலகையில் வெள்ளிமலை என்றும் இன்னொன்றில் சேராப்பட்டு என்றும் எழுதியிருக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட ஓடிவந்துகொண்டே இரண்டையும் படித்துவிடும். ‘வெ’ குறில், ‘சே’ நெடில். அதிலென்ன குழப்பம்? ஆனால் ஒரு காலத்தில் இப்படிப் பார்த்தவுடன் படித்துவிட முடியாது. அது மாறிய கதை தமிழ்நாட்டில் தொடங்கவில்லை. இத்தாலியில், ஒரு தோல்வியோடு தொடங்கியது.

1524-ஆம் ஆண்டு. விசென்சா ஊர்க்காரரான கவிஞர் ஜான் ஜோர்ஜோ திரிசினோவை ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தாலிய மொழியில் எகரம் இரண்டு விதமாக ஒலிக்கும். வாயைக் குறுக்கிச் சொன்னால் ஒன்று, விரித்துச் சொன்னால் ஒன்று. ஒகரமும் அப்படித்தான். எழுதும்போதோ இரண்டுக்கும் ஒரே எழுத்து. ‘பெஸ்கா’ என்று எழுதியிருந்தால் ஓர் ஒலியில் அது மீன்பிடிப்பு, மற்ற ஒலியில் பீச் பழம். திரிசினோ கிரேக்க மொழியிலிருந்து இரண்டு எழுத்துகளைக் கடன் வாங்கினார். புத்தகமும் அச்சிட்டார். புலவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். புது எகரமும் புது ஒகரமும் எடுபடவில்லை. பிறந்த மண்ணில் தோற்ற அந்த எண்ணம் இருநூறு ஆண்டுகள் கழித்து வேறொரு மண்ணில் வேறொரு உருவில் முளைத்தது. அதற்குள் தமிழ்க் கரைக்கு இன்னொருவர் வந்து சேர்ந்தார்.

அவர் பிரான்சிஸ் சேவியர். நவார் நாட்டில் சேவியர் கோட்டையில் 1506-இல் பிறந்தவர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருடைய தாய்மொழி பாஸ்க். இத்தாலிய மொழிக்கு லத்தீன் என்ற தாயும், ஸ்பானியம், பிரெஞ்சு என்று உடன்பிறப்புகளும் உண்டு. பாஸ்க் தனிமரம், அதற்கு உறவென்று நிரூபிக்கப்பட்ட மொழி உலகில் இன்று எதுவுமில்லை. ஆனால் அதன் கட்டுமானம் ஒரு தமிழரை வியக்க வைக்கும். பாஸ்கில் ‘மெந்தி’ என்றால் மலை. மலையில் என்பது ‘மெந்தியன்’, மலையிலிருந்து என்பது ‘மெந்திதிக்’. தமிழைப் போலவே உருபு பெயரின் பின்னால் ஒட்டுகிறது; வினைச்சொல்லும் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுகிறது. இத்தாலியருக்கோ மலையிலிருந்து என்பது ‘தல் மோந்தே’. அங்கே உருபின் வேலையைச் செய்யும் சொல் முன்னால் வந்து நிற்கும். தமிழும் பாஸ்கும் உறவு மொழிகள் அல்ல. ஆனாலும் இத்தகைய மொழியில் பிறந்தவருக்குத் தமிழ் எளிதாகக் கைவந்திருக்கும் என்றுதான் தோன்றும். நடந்தது வேறு.

என் மொழி பாஸ்க், இந்தக் கரை மக்களின் மொழி மலபார், அதனால் அவர்களுக்கு நானும் எனக்கு அவர்களும் விளங்கவில்லை என்று 1544 ஜனவரியில் சேவியர் எழுதினார். மலபார் என்று அவர் சொன்னது தமிழைத்தான். இரண்டு மொழி தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊர் ஊராக நடந்தார். பிறகுதான் இடி விழுந்தது. ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் இருந்தது! நம்பிக்கை அறிக்கை விருப்ப மனுவாக மாறியிருந்தது. ‘வேணும்’ என்பதை எடுத்துவிட்டு விசுவாசம் என்ற பொருளுள்ள சொல்லைப் போடும்படி உடன் உழைத்த மான்சிலாசுக்கு அவசரமாகக் கடிதம் எழுதினார். 1545-இல் மலாக்காவுக்குக் கப்பலேறினார். அவரைத் தடுக்கிவிட்ட அந்த ‘வேணும்’ என்ற சொல்லின் முதல் எழுத்தில் இன்னொரு பொறியும் ஒளிந்திருந்தது.

அன்றைய எழுத்து பனையோலையில் எழுத்தாணியால் கீறுவது. எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும், நெடில்களுக்குப் புள்ளி கிடையாது என்பது தொல்காப்பியக் காலத்து வழக்கம். ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் ஏடு எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டார்கள். விளைவு: எரி, ஏரி இரண்டும் ஓலையில் ஒரே கோலம். கொடு எது, கோடு எது? முன்பின் வரியைப் படித்து ஊகித்தால்தான் உண்டு. தமிழில் ஊறியவர்கள் பழக்கத்தால் சமாளித்தார்கள். புதிதாகக் கற்க வந்தவர் தடுமாறினார். அப்படி ஒருவர் 1710-இல் இந்தியா வந்து இறங்கினார்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இத்தாலியர். 1680-இல் மாந்துவா நகருக்கு அருகே காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். இரண்டு எகரத்தையும் இரண்டு ஒகரத்தையும் ஒரே எழுத்தில் எழுதும் மொழி அவருடையது. அவர் உடனே எதையும் திருத்தக் கிளம்பவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே வாழ்ந்தார். ஏலாக்குறிச்சியில் தங்கினார், கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கோணாங்குப்பத்தில் ஆலயம் எழுப்பினார். தேம்பாவணி பாடினார். 1732-இல் சதுரகராதி தந்தார். வீரமாமுனிவர் என்று பெயர் பெற்ற அவர், ஏடுகளைப் புரட்டும்போதெல்லாம் அந்தக் குழப்பத்தைப் பார்த்தார். கடைசியில் கண்ட தீர்வுக்குப் புது எழுத்து எதுவும் தேவைப்படவில்லை.

குறிலுக்குப் புள்ளி வைக்கும் வழக்கத்தை விட்டு நெடிலுக்கு அடையாளம் கொடுத்தார். எகரத்தின் காலைக் கீழே இழுத்தார்: ஏ. ஒகரத்தின் முனையைச் சுழித்தார்: ஓ. உயிர்மெய்யில் வரும் கொம்பின் தலையை மேலே சுழித்துவிட்டார். எழுத்தாணிக்கு இது எளிது, ஓலையும் பொத்துப்போகாது. 1730-ஐ ஒட்டி எழுதிய தொன்னூல் விளக்கத்தில் இந்த இழுப்பையும் சுழிப்பையும் இலக்கணமாகவே வைத்தார். திரிசினோ அயல் எழுத்தைக் கொண்டுவந்தார், அது வேரூன்றவில்லை. வீரமாமுனிவர் தமிழ்க் கோட்டிலேயே ஒரு வளைவைக் கூட்டினார், தமிழ்நாடு அதை எடுத்துக்கொண்டது.

சேராப்பட்டுப் பலகையில் முதலில் நிற்கும் கொம்பின் தலையில் இருப்பது அந்தச் சுழிதான். அந்த மலையடிவாரத்துக் கோமுகி அணையின் பெயரிலும் அதுவே இருக்கிறது. தமிழைப் போல உருபு ஒட்டும் மொழியில் பிறந்தவர் ஒரு சொல்லில் இடறினார். உருபை முன்னால் வைக்கும் மொழியில் பிறந்தவர் தமிழ் எழுத்தையே தெளிவாக்கினார். அவர்களைப் பிரித்தது தாய்மொழி அல்ல, தமிழோடு வாழ்ந்த ஆண்டுகள்தான். 2030-ஐ ஒட்டி அந்தச் சுழிக்கு முந்நூறு வயது.