ஆடுகளம் யாருடையது?

விளையாட்டைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களில் ஆட்டக்காரருக்கு நிகரான இன்னொரு பாத்திரம் உண்டு, அதுதான் ஆடுகளம். அமெரிக்கரின் பேஸ்போல் படங்கள் இதற்கு நல்ல சான்று. நமது துடுப்பாட்டத்துக்கு உறவான அந்த ஆட்டத்தின் பசும்புல்லையும் செம்மண் தடத்தையும் பலகை இருக்கைகளையும் அப்படங்கள் அன்போடு காட்டுகின்றன. அவ்வழகை நாமும் சுவைக்கின்றோம், அதிற் குற்றமில்லை. ஆயினும் அந்த மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைக் கேளாமற் சுவைப்பது அரைச்சுவையே.

1989ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பீல்ட் ஒவ் ட்றீம்ஸ்’ என்ற படத்தில், அயோவா மாநிலத்து உழவன் ஒருவன் தன் சோளப்பயிரில் ஒரு பகுதியை அழித்து ஆடுகளம் அமைக்கின்றான். மறைந்துபோன பழைய ஆட்டக்காரர்கள் சோளக்கொல்லைக்குள்ளிருந்து தோன்றி அங்கே ஆடுகின்றனர். கடனில் மூழ்கும் உழவனுக்கு, வேடிக்கை பார்க்க வருவோர் தரும் பணமே மீட்சியெனப் படம் முடிகின்றது. மெய்யான அயோவாவிலோ 1980களில் கடனுக்கு நிலமிழந்த உழவர் பலர். அவர்களைக் காக்க எந்த ஆவியும் எழுந்து வரவில்லை. அன்றியும், படத்தில் எழுந்து வரும் 1919ஆம் ஆண்டு ஆட்டக்காரரின் காலம், கறுப்பின மக்களைப் பெருங்கழகங்கள் வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்த காலமாகும்.

அவ்வாயில் 1947 ஏப்ரல் 15ஆம் நாள் திறந்தது. நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியில், எபெட்ஸ் பீல்ட் மைதானத்தில், ஜக்கி றொபின்சன் என்ற கறுப்பின வீரர் டொட்ஜர்ஸ் கழகத்துக்காகக் களமிறங்கினார். 1950இல் வெளிவந்த படமொன்றில் அவரே தம் வேடத்தில் நடித்தார். 2013இல் அவருடைய சட்டை இலக்கத்தையே பெயராகக் கொண்டு ‘42’ என்ற படம் வந்தது. அதற்குள் அம்மைதானம் மறைந்துவிட்டது. இலாபம் தேடிக் கழகம் 1957ஆம் ஆண்டுப் பருவத்தோடு லொஸ் ஏஞ்சல்சுக்குப் பெயர்ந்தது. 1960இல் மைதானம் இடிக்கப்பட்டு அங்கே குடியிருப்பு மாடிகள் எழுந்தன. எனவே தென்மாநிலமான ரெனசியில், சட்டனூகா நகரின் பழைய மைதானமொன்று எபெட்ஸ் பீல்டாக வேடமிட வேண்டியதாயிற்று.

கழகம் பெயர்ந்து சென்ற இடத்தின் கதை இன்னும் கசப்பானது. லொஸ் ஏஞ்சல்சின் சாவேஸ் ரவீன் பகுதியில் மெக்சிக்க வழிவந்த ஏழைக் குடும்பங்கள் வாழ்ந்தன. பொது வீடமைப்புத் திட்டத்துக்கெனக் கூறி 1950களின் தொடக்கத்தில் அவர்களை அகற்றினர். பின்னர் அத்திட்டமே ‘சோசலிசம்’ எனத் தூற்றப்பட்டுக் கைவிடப்பட்டது. வீடு கட்ட எடுத்த நிலம் விளையாட்டு முதலாளியின் கைக்குப் போயிற்று. எஞ்சியிருந்த குடும்பங்களை 1959 மே மாதத்திற் காவலர் தூக்கி வெளியேற்றினர். 1962இல் அங்கே பேரரங்கு திறக்கப்பட்டது.

இது அயலார் கதையென ஒதுக்க நமக்கு உரிமையில்லை. 2024இல் வெளிவந்த ‘புளூ ஸ்டார்’ என்ற தமிழ்ப்படம், அரக்கோணத்தை அண்டிய ஊரில் 1990களின் துடுப்பாட்டத்தைக் காட்டுகின்றது. காலனி இளைஞரின் அணியும் ஊர் இளைஞரின் அணியும் ஒரே மண்ணிற் பிறந்தும் சாதியாற் பிரிந்து நிற்கின்றன. தம்மை ஒருங்கே இழிவுசெய்யும் நகரத்து வசதிபடைத்தோரைக் கண்ட பின்னரே அவர்கள் ஓரணியாகின்றனர். நிறத்தால் அங்கே அடைபட்ட வாயில், இங்கே சாதியால் அடைபடுகின்றது.

‘களம்’ என்ற சொல் தமிழில் நெல் அடிக்கும் இடத்துக்கும் உண்டு, போர் நடக்கும் இடத்துக்கும் உண்டு, ஆடும் இடத்துக்கும் உண்டு. ஆனையிறவுத் தரவையில் வாழும் நாம் இதை அகராதி பார்த்து அறிந்தவரல்லர். 1991, 2000, 2009 என மூன்று பெரும்போர்கள் இந்நிலத்தின்மேல் நடந்தன. வடக்கே முகமாலைப் பக்கத்தில் மண்ணெங்கும் கண்ணிவெடி. பிள்ளை ஓடிப் பந்தெடுக்க வேண்டிய வெளியிற் சிவப்பு எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. போர் ஓய்ந்தபின் ஆண்டுக்கணக்காக வெயிலில் முழந்தாளிட்டு, சாண் சாணாக மண்ணைக் கிளறி அந்த வெடிகளை எடுத்தோரிற் பெண்கள் பலர். போரிற் குடும்பத் தலைவனை இழந்து கூலிக்கு வந்தோரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் முழந்தாளிட்ட நிலத்திலேதான் பிள்ளைகளின் கால்கள் ஓட முடிகின்றது.

ஆகவே, திரையில் அழகிய மைதானமொன்றைக் காணும்போது நம் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகட்டும். இம்மண்ணுக்குள் வராமல் யாரைத் தடுத்தனர்? இம்மண்ணிலிருந்து யாரை விரட்டினர்? இம்மண்ணைச் செப்பனிட யார் உழைத்தனர்? இக்கேள்விகளாற் புல்லின் பசுமை குன்றிவிடாது. அது யாருக்கு உரியது என்பது மட்டும் தெளிவாகும்.