றிசீவரின் பின்பக்கத்தையும் பாருங்கள்

டொல்பி அட்மோஸ் ஒலிநுட்பம் 2012இல் திரையரங்குகளுக்கும் 2014இல் வீட்டு றிசீவர்களுக்கும் வந்தது. பெட்டியில் 7.1.4 என்றிருந்தால், சுற்றிவர ஏழு ஒலிபெருக்கிகள், தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூபர், தலைக்கு மேலே நான்கு என்று பொருள். வாட் கணக்கை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் அது இரண்டு ஒலிபெருக்கிகளை மட்டும் இயக்கி அளந்தது. எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறைவு.

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவருவதானால், றிசீவரின் பின்பக்கப் படத்தைத்தான் நான் முதலில் கேட்பேன். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இலங்கையில் 230. 120 வோல்ற் என்று மட்டும் பொறித்த றிசீவரை இங்கே நேரடியாகச் செருகினால் இலட்சக்கணக்கான ரூபாய் வீண். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் கட்டாயம் வேண்டும். அதன் வலு, றிசீவர் இழுக்கும் மின்சாரத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும்.