குழந்தையின் இதயம் கடைசியில்தான் நிற்கும்: பால்டிமோரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை

போன தடவை பழவேற்காட்டு டச்சுக் கோட்டைக்குப் போனோம். இந்த எபிசோட் அவ்வளவு பழைய கதை இல்லை, எழுபது வருஷத்துக்குள் நடந்ததுதான். ஆனா இது நடக்காமல் போயிருந்தால் எங்க வீட்டில் ஒரு பையன் இன்னைக்கு இருந்திருக்க மாட்டான்.

2019 மழைக்காலம். என் அக்கா பையனுக்கு அப்போ ரெண்டு வயசு. மூணு நாளா காய்ச்சல், இருமல். ராத்திரி பதினொரு மணிக்கு கும்மிடிப்பூண்டி பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தவன், வாசல் வந்ததும் அமைதியாகிவிட்டான். அப்பாடா, தூங்கிட்டான்னு நாங்க நினைச்சோம். ட்யூட்டியில் இருந்த சிஸ்டர் அந்த அமைதியைப் பார்த்துத்தான் பயந்தாங்க. சட்டையைத் தூக்கி, விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே இழுக்கிறதைப் பார்த்தாங்க. வாட்ச்சைப் பார்த்து மூச்சை எண்ணினாங்க. பெயர், வயசு கேட்கிறதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் வெச்சாங்க. "கார்ல கூட்டிட்டுப் போகாதீங்க, 108 வரட்டும்" என்றார்கள். பையன் பிழைச்சான், இப்போ ஸ்கூல் போறான். பிறகு ஒருநாள் நன்றி சொல்லப் போனப்போ, "ரெண்டு நாள் ட்ரெயினிங்ல கத்துக்கிட்டது தம்பி, நான் ஒண்ணும் புதுசா செய்யலை" என்று முடிச்சுட்டாங்க.

அந்த ரெண்டு நாள் ட்ரெயினிங் எங்கிருந்து வந்தது? அதைத் தேடினப்போ கிடைச்ச கதைதான் இது.

ஆரம்பம் மருத்துவரிடம் இல்லை, ஒரு எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிடம். எங்க ஜாதி ஆள் என்று பெருமைப்பட்டுக்கலாம். பெயர் வில்லியம் கூவன்ஹோவன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். மின்கம்பத்தில் வேலை செய்த லைன்மேன்கள் ஷாக் அடித்து இறந்துகொண்டிருந்த காலம். மின்சாரம் இதயத்தை எப்படி நிறுத்துகிறது, திரும்ப எப்படி ஓட வைக்கலாம் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. அவரோடு வேலை செய்த கய் நிக்கர்பாக்கர், டிஃபிப்ரிலேட்டர் தட்டுகளை நாயின் மார்பில் வைத்து அழுத்தும்போது, மின்சாரம் பாய்வதற்கு முன்பே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதைக் கவனித்தார். அப்படியென்றால் மார்பைப் பிளக்காமல், வெளியிலிருந்து கையால் அழுத்தியே ரத்தத்தை ஓட்டலாம். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் சேர்ந்து, 1960-ல் மூவரும் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இதே காலத்தில் பீட்டர் சாஃபர் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையை நிரூபித்தார். ரெண்டும் சேர்ந்ததுதான் இன்றைய சி.பி.ஆர்.

கத்துக்கொடுக்க ஒரு உடம்பு வேணுமே? அதைச் செய்தவர் நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டல். தண்ணீரில் மூழ்கிய தன் சின்ன மகனை ஒருமுறை அவரே காப்பாற்றியிருந்தார். 1960-ல் அவர் செய்த 'ரெசஸி ஆன்' பொம்மையின் வாரிசுகளைத்தான் இன்னைக்கும் பயிற்சி அறைகளில் பார்க்கிறோம்.

இங்கே ஒரு சிக்கல். இதெல்லாம் பெரியவர்களை மனசில் வைத்து உருவானது. பெரியவர்களுக்குப் பல சமயம் இதயம்தான் முதலில் நிற்கும், அதன்பிறகுதான் மற்றதெல்லாம். குழந்தைக்கு அது தலைகீழ். முதலில் மூச்சு திணறும், அல்லது வயிற்றுப்போக்கிலோ கிருமித் தொற்றிலோ ரத்த ஓட்டம் குறையும். உடம்பு தாக்குப்பிடிக்கும், தாக்குப்பிடிக்கும், பிறகு திடீரென்று சரியும். இதயம் நிற்பது கடைசிக் கட்டம். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் நல்ல ஆஸ்பத்திரியிலும் மீட்பது கஷ்டம். எங்க சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னா, சர்வர் கிராஷ் ஆன பிறகு ஓடி வர்றதில் பிரயோஜனமில்லை, அதுக்கு முன்னாடி வர்ற வார்னிங்கைப் படிக்கத் தெரியணும்.

குழந்தைகளுக்குத் தனி வழிமுறை வேண்டும் என்று அமெரிக்காவில் 1983-ல் ஒரு மாநாடு கூடியது. 1988-ல் அமெரிக்க இதய சங்கத்தின் 'பி.ஏ.எல்.எஸ்.' பயிற்சி வந்தது. குழந்தைகளுக்கான மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சி. அதன் அடிப்படை ஒரு சுழற்சி: பார், என்ன பிரச்சினை என்று கண்டுபிடி, செய், திரும்பப் பார். முதல் பார்வைக்கு ஸ்டெதஸ்கோப்பே வேண்டாம். குழந்தை எப்படி இருக்கிறது, எப்படி மூச்சு விடுகிறது, தோலின் நிறம் என்ன, இந்த மூன்றும் போதும். சிஸ்டர் அன்னைக்குச் செய்தது அதுதான்.

குழுவாக வேலை செய்வதும் பயிற்சியில் உண்டு. "அட்ரினலின் கொடு" என்று தலைவர் சொன்னால், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லணும், கொடுத்த பிறகு "கொடுத்தாச்சு" என்றும் சொல்லணும். நெட்வொர்க் படிச்சவங்களுக்கு இது பழகின விஷயம். பதில் வராத தகவல் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில்லை.

நம்ம நாட்டில் முதலில் வேகம் பிடித்தது பச்சிளம் குழந்தைகளுக்கான பயிற்சி. தேசிய பச்சிளங்குழந்தை நல அமைப்பு 1990-ல் அதைக் கொண்டுவந்தது. 2009-ல் மத்திய அரசு 'நவஜாத் சிசு சுரக்ஷா' திட்டத்தில் பிரசவம் பார்க்கும் செவிலியர் வரைக்கும் அதை எடுத்துப் போனது. இந்திய குழந்தை மருத்துவ அகாடமி பெரிய குழந்தைகளுக்கான பயிற்சிகளை நடத்துகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் முக்கியமான இடம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. அங்கே டாக்டர் இந்துமதி சந்தானமும் சக மருத்துவர்களும் ஒரு கேள்வி கேட்டார்கள். கிருமித் தொற்றால் ஷாக்கில் வரும் குழந்தைக்கு நரம்பு வழியே திரவத்தை எவ்வளவு வேகமாக ஏற்றணும்? பணக்கார நாட்டுப் புத்தகம் வேகமாக ஏற்றச் சொன்னது. 147 குழந்தைகளை ரெண்டு பிரிவாக்கிப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாக ஏற்றியதால் உயிரிழப்பு குறையவில்லை. 2011-ல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு இன்னும் அதிர்ச்சி தந்தது. அவசரமாகத் திரவம் ஏற்றிய பிரிவுகளில்தான் இறப்பு அதிகம். 2020-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், கிலோவுக்கு 10 அல்லது 20 மில்லி கொடுத்து, ஒவ்வொரு முறையும் குழந்தையைத் திரும்பப் பார் என்று சொல்கிறது. புத்தகம் அங்கிருந்து வந்தது, ஆனா அதைத் திருத்தியதில் எழும்பூர் மாதிரி வார்டுகளுக்கும் பங்கு இருக்கு.

இப்போ எங்க ஊருக்கு வர்றேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பெரிய ஆலைகளில் முதலுதவிக்குச் சட்டம் இருக்கு. 2025 வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு ஆள், 500 பேருக்கு மேல் என்றால் ஆம்புலன்ஸ் அறை என்று இருந்தது. சரிதான், சி.பி.ஆரே லைன்மேன்களுக்காகத் தொடங்கியதுதானே. ஆனா கேட்டுக்கு வெளியே, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகளின் லைன் வீடுகளில், அகதிகள் முகாமில், செங்கல் சூளைகளில் இருக்கிற குழந்தைக்கு எந்தப் பெட்டியும் கணக்கில் இல்லை. 2022-ல் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, சந்தோஷம். ஆனா ஒரே மாவட்டமானாலும் எங்களுக்கும் திருவள்ளூருக்கும் நேர் ரயில் கிடையாது, சென்னையைச் சுற்றித்தான் போகணும். எங்க ஆட்களுக்கு ஸ்டான்லியும் எழும்பூரும்தான் பழக்கம். எழும்பூர் சுமார் 45 கிலோமீட்டர். மூச்சு நின்ற குழந்தையின் மூளை தாங்குவது சில நிமிஷம்.

அதனால் முதலில் தொடுகிற கைதான் முடிவு செய்கிறது. அந்தக் கை பெரும்பாலும் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் நைட் ட்யூட்டி சிஸ்டருடையது, அல்லது 108 டெக்னீஷியனுடையது. பி.ஏ.எல்.எஸ். சான்றிதழ் ரெண்டு வருஷம்தான் செல்லும், ஆனா பழகாமல் விட்டால் கைத்திறன் சில மாதத்திலேயே மங்கும். பயிற்சி பெற்றவர் வேலை மாறினால் அந்த ராத்திரி திரும்ப வெறுமையாகிவிடும். கட்டடம் திறப்பது செய்தியாகும். ஒரு சிஸ்டரை மறுபடி ரெண்டு நாள் பயிற்சிக்கு அனுப்புவது செய்தியாகாது. எங்க வீட்டைக் காப்பாற்றியது ரெண்டாவதுதான்.

கேட்கிறவங்க யாராவது ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த முதலுதவிப் பயிற்சியில் குழந்தைப் பொம்மை ஒன்றையும் வைக்கச் சொல்லுங்க. அந்தத் தொழிலாளி சாயங்காலம் போகிற வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கு. அம்மா அப்பாக்களுக்கு ஒண்ணே ஒண்ணு: மூச்சு வாங்கி அழுத குழந்தை திடீர்னு துவண்டு அமைதியானா, தூங்கிட்டான்னு விட்டுடாதீங்க. உடனே 108.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.